ஆள் கழிவு

அடைக்கலம் செத்த மறுநாள் காலையிலிருந்து அந்த லாரி ஓர் ஆள் எடை கூடுதலாக இருந்தது. சேறு ஒட்டியிருந்ததோ, டீசல் தளும்ப நிரப்பியிருந்ததோ, எவனாவது ஜாக்கியை மறந்து மேலே போட்டிருந்ததோ காரணமில்லை. கழுவிப் பார்த்தார்கள், துடைத்துப் பார்த்தார்கள், தார்ப்பாயை உருவி உதறிப் பார்த்தார்கள், எதைக் கழற்றி எதைக் கணக்குப் போட்டாலும் குறுக்குமடை எடைமேடையின் சிவப்பு எழுத்து இருக்க வேண்டியதற்கு மேல் அறுபது கிலோ ஏறித்தான் நின்றது. அடைக்கலம் உயிரோடு இருந்த காலத்தில் அரிசி மில் தராசில் விளையாட்டுக்கு ஏறி நின்று பல்லைக் காட்டுவான், அப்போதும் அது அறுபதுதான் காட்டும்.

எடைமேடை பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரோட்டோரத்தில் தரைமட்டத்துக்குப் பதித்த பெரிய இரும்புத் தளம், அதன் பக்கத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு மெஷின், மெஷின் காட்டுவதை வெளியே இருப்பவர்களும் பார்க்கும்படி கம்பத்தில் மாட்டிய சிவப்பு எழுத்துப் பலகை, அவ்வளவுதான். ஜல்லியோ எம்சாண்டோ கம்பியோ ஏற்றிக்கொண்டு வண்டி தளத்தில் ஏறும், டிரைவர் இறங்கவே மாட்டான், காலி வண்டியை எடை போட்ட அன்றைக்கும் அவன் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தவன்தானே, பிறகு எதற்கு இறங்க வேண்டும். மொத்த எடையில் காலி வண்டியின் எடையைக் கழித்தால் மீதி சரக்கு. அந்தக் காலி எடை ஒவ்வொரு வண்டிக்கும் மெஷினுக்குள்ளேயே பதிந்து கிடக்கும். பெற்ற பிள்ளை எடை தெரியாத டிரைவர் உண்டு, வண்டியின் காலி எடை தெரியாத டிரைவர் கிடையாது.

வண்டி நல்லமுத்துவுடையது. குறுக்குமடை விலக்கில் செங்கல், சிமெண்ட், ஜல்லி, மணல், கம்பி, கக்கூஸ் பீங்கான் வரைக்கும் விற்கிற டிப்போ வைத்திருந்தவர், சுற்றுவட்டாரத்தில் எழும்புகிற எந்தச் சுவரிலும் பாதி தன்னுடையது என்று நினைப்பவர். வண்டியை ஓட்டியவன் பொன்னழகு, நாற்பது தாண்டியவன், ஒல்லி, அதிகம் பேசாதவன், முதலாளி கூப்பிட்டால் சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூட எழுந்து போகிறவன். அடைக்கலம் லோடுமேன். அதாவது சரக்கை ஏற்றுகிறவன், இறக்குகிறவன், ஏற்றுகிற இடத்துக்கும் இறக்குகிற இடத்துக்கும் நடுவே சரக்கின் மேலேயே உட்கார்ந்து போகிறவன். கேபினில் இடம் இருந்தாலும் உள்ளே வர மாட்டான், காத்து வரலைண்ணே என்பான்.

மேலே உட்கார்ந்திருப்பவனுக்கும் கீழே ஓட்டுகிறவனுக்கும் பேச்சு கிடையாது, கேபின் தகரம்தான் பேச்சு. ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டு தட்டினால் போகலாம். டிப்போ வண்டிகளில் இது சட்டம் மாதிரி, யாரும் எழுதவில்லை, யாரும் மீறியதில்லை. செங்கல் லோடு ஏற்றிக்கொண்டு போன அன்று பிற்பகலில் கண்மாய்க்கரை வளைவில் வண்டி சாய்ந்து, மேல் அடுக்குச் செங்கல் சரிந்து, அடைக்கலத்தின் கால் நழுவியபோது, பிடிப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல் அவன் கை கேபின் தகரத்தை அடித்தது, பதறிப்போய் இன்னொரு முறையும் அடித்தது. ஒரே ஒருமுறை அடித்திருந்தால் பொன்னழகு பிரேக்கை மிதித்திருப்பான். இரண்டு தட்டுக் கேட்டதும், சரி, போகச் சொல்கிறான் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

லோடு இறக்குகிற இடத்துக்கு வந்து, "அடைக்கலம், எறங்குடா, வெயில் கொல்லுது" என்று கூப்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்தவனுக்கு மேலே பாதிச் செங்கல் இல்லாததும் ஆள் இல்லாததும் ஒன்றாகத்தான் தெரிந்தது. டிப்போவுக்குப் போன் போட்டான். நல்லமுத்து மோட்டார் சைக்கிளில் வந்தார், இருவருமாக லாரியிலேயே கண்மாய்க்கரைக்குத் திரும்பிப் போனார்கள், கருவேலம் புதருக்குள் அடைக்கலம் ஒரு செருப்போடு கிடந்தான். பொன்னழகு அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதான். நல்லமுத்து அழவில்லை, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இங்க பாரு பொன்னழகு, சரக்கு வண்டில மேல ஆள் ஏத்திட்டுப் போனோம்னு எழுதுனா வண்டியும் போச்சு, உன் லைசன்ஸும் போச்சு, என் டிப்போவும் போச்சு. நீ உள்ள போயிருவ. உன் மக நர்ஸுக்குப் படிக்கிறா. அவன் நம்ம வண்டில வரல. அம்புட்டுதான்."

"முதலாளி..."

"வரலடா. நீ மட்டும்தான் போன. செங்கலப் பொறுக்கி வண்டில போடு."

பொன்னழகு செங்கல்லைப் பொறுக்கினான். போலீஸ் வந்து பார்த்தபோது அடைக்கலத்தின் சட்டை முழுக்கப் பிராந்தி வாடை. யார் ஊற்றினார்கள் என்று இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை. குடிபோதையில் சாலையில் விழுந்து கிடந்தவர் மீது அடையாளம் தெரியாத வாகனம் மோதியதாகத் தாளில் ஏறியது. தன்னோடு அன்று யாரும் வண்டியில் வரவில்லை என்று பொன்னழகு கையெழுத்துப் போட்டான்.

மறுநாள்தான் எடை ஏறியது.

எடைமேடை அறையில் இருந்தவள் ஸ்டெல்லா. கல்யாணமாகாத பெண், கண்ணாடிக்குப் பின்னால் மாதா படமும் ஒரு சின்ன மின்விசிறியும் வைத்துக்கொண்டு வருகிற வண்டிக்காரர்களை எல்லாம் அண்ணன் ஆக்கிவிட்டவள். காலி வண்டி தளத்தில் ஏறியதும் பலகையைப் பார்த்தவள் மைக்கில் கேட்டாள். "பொன்னழகண்ணே, மேல யாரும் உக்காந்திருக்காங்களா?"

"இல்லையே."

"நல்லாப் பாருங்கண்ணே."

அவன் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை, கழுத்தை மட்டும் வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாரும் இல்ல" என்றான். பலகை அறுபது கிலோ அதிகமாகவே எரிந்துகொண்டிருந்தது.

மெஷின் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான், எடைக்கல் வைத்துச் சோதித்தான், மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனான். மெக்கானிக் வந்தான், சேஸிஸ் வரைக்கும் தட்டிப் பார்த்தான். வேறு ஊர் எடைமேடைக்கு ஓட்டிப் போனார்கள், அங்கேயும் அறுபது. பிறகு ஜனங்களே பேசிக்கொண்டார்கள், அடைக்கலம் இன்னும் இறங்கவில்லை என்று. சொன்னவர்களும் அலறவில்லை, கேட்டவர்களும் அலறவில்லை. லோடுமேன் லோடு மேல் இருக்கிறான், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பது போலத்தான் ஊர் அதை எடுத்துக்கொண்டது. சண்டை வந்தது வேறு விஷயத்துக்கு. வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் டிப்போவுக்கு வந்து, "ஜல்லிக்குத்தானய்யா காசு, அடைக்கலத்துக்கும் சேர்த்தா?" என்று சத்தம் போட்டார். ஞாயமான கேள்விதான். நல்லமுத்து யோசித்தார், ஸ்டெல்லாவிடம் சொன்னார், அன்று முதல் அந்த வண்டிக்கு மட்டும் மொத்த எடையில் காலி எடை போக, சீட்டில் இன்னொரு வரியாக அறுபது கிலோவும் கழிக்கப்பட்டது. அதற்கு ஆள் கழிவு என்று பேர் வைத்தார்கள். ஈரமணலுக்குத் தண்ணீர்க் கழிவு என்று ஒன்று ஏற்கெனவே உண்டு, அதற்குப் பக்கத்திலேயே இதுவும் உட்கார்ந்துகொண்டது.

ஒரு மாதத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது, மனுசன் எதற்குத்தான் பழக மாட்டான். லோடுமேன்கள் செங்கல் அடுக்கும்போது கேபினுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காருகிற இடத்தைக் காலியாக விட்டு அடுக்கினார்கள். டீக்கடையில் அந்த வண்டி நின்றால் ஒரு கிளாஸ் அதிகமாக வந்தது, ஆறிய பிறகு அதைக் கீழே ஊற்றினார்கள். அந்த வண்டியில் வந்த ஜல்லியில் போட்ட கான்கிரீட் விரிசல் விடாது என்று ஒரு மேஸ்திரி கிளப்பிவிட்டான், வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் "அடைக்கலம் வண்டியிலயே அனுப்பிவிடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள், டிப்போவில் ஆர்டர் குவிந்தது. நல்லமுத்து சும்மா இருப்பாரா? பெயிண்டரைக் கூப்பிட்டு வண்டியின் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'அடைக்கலம் துணை' என்று எழுதவைத்தார், வெள்ளிக்கிழமை தோறும் எலுமிச்சம்பழம் குத்தினார், அடைக்கலத்தின் பேரைச் சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூடச் செய்தார். இப்படிப்பட்ட நெஞ்சழுத்தம் எல்லாருக்கும் வாய்க்காது.

அடைக்கலம் இப்போது வண்டியில் இருக்கிறான் என்று ஒத்துக்கொள்வதில் ஊரில் ஒருத்தருக்கும் சிரமம் இல்லை. அன்றைக்கு வண்டியில் இருந்தான் என்று சொல்வதுதான் எல்லார் தொண்டையிலும் சிக்கியது.

அதைத்தான் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. சித்தாள் வேலைக்குப் போகிறவள், தலைச்சும்மாடு அழுத்தி முடி உதிர்ந்தவள், ஒரு பெண்பிள்ளை வேறு. வீட்டுக்கு வந்த தாளில் தன் புருசன் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்ததாக இருந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "டீயையே ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போதும்னு வைக்கிற ஆளு. வேலை செய்யிறப்ப செத்தாருன்னு எழுதச் சொல்லுங்க. எம்புள்ளைய நாளைக்கு எவனாச்சும் குடிகாரன் பொண்ணுன்னு சொல்லக் கூடாது" என்று போகாத ஆபீஸ் இல்லை. எல்லா ஆபீஸிலும் உட்காரச் சொன்னார்கள், பிறகு நாளை வரச் சொன்னார்கள்.

ஆபீஸ் இல்லாத நாட்களில் அவள் எடைமேடைக்கு வருவாள். டிபன் கேரியரில் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து, லாரி தளத்தில் ஏறி நிற்கும்போது டயரில் கால் வைத்து எக்கி, மேலே அந்தக் காலி இடத்தில் வைப்பாள். வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் பலகையைப் பார்ப்பாள். சிவப்பு எழுத்து கொஞ்சம் ஏறும். "சாப்பிடுறாரு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பிறகு கேரியரைத் திறந்தால் சோறு அப்படியே இருக்கும், ருசி மட்டும் போய்விட்டிருக்கும், உப்புமில்லாமல் புளியுமில்லாமல் வெறும் பண்டமாக. மகளுக்குக் காது குத்திய அன்று காலையில் லாரி சரியான எடைக்கு இறங்கிவிட்டது. அப்பன் விசேஷத்துக்குப் போயிருக்கிறான் என்று ஸ்டெல்லா அன்றைக்கு மட்டும் ஆள் கழிவு போடவில்லை. மறுநாள் திரும்ப அறுபது.

பொன்னழகுக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அவன் செருப்பு பதினைந்து நாளுக்கு ஒன்று தேய்ந்தது. வீட்டுக் கட்டிலின் நாடா அறுந்தது, மாற்றிக் கட்டியதும் அறுந்தது. பெண்டாட்டி தனம், "எலும்பும் தோலுமா இருக்க, படுத்தா மட்டும் கட்டில் கத்துது, என்னய்யா இது" என்றாள். ஈரத்தரையில் நடந்தால் அவன் கால்தடம் மட்டும் மற்றவர்களுடையதைவிட ஆழமாக இறங்கியது. பஞ்சவர்ணம் டிபன் கேரியரை மேலே வைக்கிற நாட்களில், அவன் காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்காமல் இருந்தால்கூட, கேபினுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு ஏப்பம் வந்தது, ஏப்பத்தில் கருவாட்டுக் குழம்பு மணத்தது. முதல் தடவை வந்தபோது அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான். காதுகுத்து அன்று மட்டும் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது, அன்று ஒருநாள்தான் அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

சித்திரை வெயிலில் ஒருநாள் தாகம் தாங்காமல், வழக்கத்துக்கு மாறாக, வண்டியைத் தளத்தில் நிறுத்திவிட்டு இறங்கி எடைமேடை அறைவாசலில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். குடித்து நிமிர்ந்தபோது ஸ்டெல்லா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பலகையைப் பார்த்தாள், திரும்பவும் அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க எறங்கினா நூத்தி முப்பது கொறையுது."

அவன் சொம்பைப் பானை மேல் கவிழ்த்து வைத்தான்.

"நீங்க எழுபது இருப்பீங்களா? அதுக்கு மேல இருக்க மாட்டீங்க." அவள் குரல் தணிந்துவிட்டது. "அவரு வண்டில இல்லண்ணே. உங்க மேல இருக்காரு."

"பாப்பா, யார்ட்டயும் சொல்லாத."

"நான் ஏன் சொல்றேன், சொன்னா உங்க முதலாளி எனக்கு இந்த வேலைய விட்டுவைப்பாரா? ஆனா நீங்க சொல்லலாம்ல."

சொல்லலாம்தான். தினமும் சொல்லலாம் என்றுதான் நினைத்தான். கேபினில் தனியாகப் போகும்போது வாய்விட்டுச் சொல்லிக்கூடப் பார்த்தான், "அடைக்கலம் என் வண்டிலதான் வந்தான்" என்று, நன்றாகத்தான் வந்தது வார்த்தை. வண்டியை விட்டு இறங்கினால் மகளின் காலேஜ் நினைவுக்கு வரும், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு நினைவுக்கு வரும், முதலாளியின் முகம் நினைவுக்கு வரும். பயந்தவன், வேறென்ன சொல்ல. கெட்டவன் என்று சொன்னால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

பஞ்சவர்ணம் விடவில்லை. சித்தாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள், வருகிற போகிற காரையெல்லாம் மறித்தாள், "எல்லா எடைமேடையிலயும் எம்புருசன் எடை விழுகுது, நீங்க வந்து ஒருக்காப் பாத்துட்டு எழுதுங்க" என்றாள். தொல்லை தாங்காமல் ஓர் அதிகாரி, நேரில் வந்து எடை பார்ப்பதாகவும், கூடுதல் எடை இருந்தால் வழக்கைத் திரும்ப எடுப்பதாகவும், இல்லாவிட்டால் அவள் இனிமேல் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றும் சொன்னார். பஞ்சவர்ணம் சந்தோசமாகத் தலையாட்டினாள். ஊருக்கே தெரிந்த எடைதானே.

அதிகாரி வருகிற அன்று காலையிலிருந்தே நல்லமுத்துக்கு வியர்த்தது. அவருக்கும் எடை வண்டியில் இருப்பதாகத்தான் நினைப்பு. பூசாரியைக் கூட்டி வந்து வண்டியைச் சுற்றவைத்தார், அடைக்கலத்திடம் கெஞ்சினார், கடைசியில் திட்டவும் திட்டினார். பொன்னழகுக்கும் ஸ்டெல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும், அன்றைய தீர்ப்பு மொத்தமும் பொன்னழகு சீட்டில் உட்கார்ந்திருப்பானா இறங்குவானா என்பதில் இருக்கிறது என்று.

உச்சி வெயிலில் ஜீப் வந்தது. ஊரே கூடியிருந்தது, சித்தாள் பெண்கள் தலையில் துண்டோடு வரிசையாக நின்றார்கள், லோடுமேன்கள் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணம் மகளுக்குத் தலை சீவிப் பூ வைத்துக் கூட்டி வந்திருந்தாள். காலி வண்டி தளத்தில் ஏறியது. பலகை அறுபது கிலோ கூடுதலாகக் காட்டியதும் கூட்டத்தில் ஒரு குலவைச் சத்தம் எழுந்து பாதியில் நின்றது, ஏனென்றால் அதிகாரி கையைத் தூக்கினார்.

"டிரைவர் எறங்கட்டும். முறைப்படி வண்டில யாரும் இருக்கக் கூடாது."

பொன்னழகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியாகப் பஞ்சவர்ணம் தெரிந்தாள், அவள் பார்வை அவன் மேல் இல்லை, கேபினுக்குப் பின்னால் அந்தக் காலி இடத்தில் இருந்தது. அறைக்குள் ஸ்டெல்லா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். இறங்காதே என்று அவள் முகம் சொன்னது. இறங்க மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும்.

"என்னய்யா, காது கேக்கலையா?" என்றார் அதிகாரி.

"எறங்குடா பொன்னழகு" என்றார் நல்லமுத்து.

முதலாளி குரல் கேட்டதும் அவன் கை தானாகக் கதவைத் திறந்தது. இறங்கிவிட்டான்.

சிவப்பு எழுத்து நூற்று முப்பது கிலோ சரிந்தது. "டிரைவர் எடைக்கு எழுபது சேத்துக்க" என்றார் அதிகாரி, ஸ்டெல்லா சேர்த்தாள், காலி வண்டியின் எடை ஒரு கிலோ கூடாமல் குறையாமல் வந்து நின்றது. நல்லமுத்து வாயைத் திறந்தது திறந்தபடி பலகையைப் பார்த்தார், பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். யாரோ, "அய்யய்யோ, போயிட்டானே" என்றார்கள். அதிகாரி நின்றபடியே ஏதோ எழுதினார்.

பஞ்சவர்ணம் அழவில்லை. நடந்து வந்து லாரியின் பின் டயரை ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

"எங்கய்யா போன? இன்னிக்கு ஒருநாள் இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா? எத்தன நாளு சோறு வடிச்சுக் கொண்டாந்தேன், ஒரு மணி நேரம் உன்னால உக்கார முடியலையா? உசுரோட இருந்தப்பவும் ஒரு எடத்துல வாயத் தொறந்து பேசுனது இல்ல, செத்தும் இப்பிடி என்னைய விட்டுட்டுப் போயிட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

அதுதான் பொன்னழகால் தாங்க முடியவில்லை. அவள் தன்னைத் திட்டியிருந்தால் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தாலும் போயிருப்பான். ஒரு தப்பும் செய்யாதவனைப் பெண்டாட்டியே நாலு பேர் முன்னால் திட்டுகிறாள், தோளில் அவன் கனக்கிறான், அந்தக் கனம் திட்டுக் கேட்டுக் கூனிக்குறுகுவது பொன்னழகின் முதுகெலும்பில் தெரிந்தது.

"அவனத் திட்டாதம்மா" என்றான். "அவன் எங்கயும் போகல. எங்கூடத்தான் நிக்கிறான்."

பிறகு ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்த அதிகாரியிடம் போனான். "சார், அன்னிக்கு அடைக்கலம் என் வண்டி மேலதான் வந்தான். விழப்போறப்ப கேபின ரெண்டு தட்டுத் தட்டுனான், போகச் சொல்றான்னு நெனச்சு நாந்தான் சார் மிதிச்சேன். அவன் குடிக்க மாட்டான். நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்."

நல்லமுத்து, "வெயில்ல மூள கலங்கிருச்சு இவனுக்கு" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

"முன்ன வரலைன்னு எழுதிக் குடுத்திருக்க, இப்ப வந்தான்ங்கற" என்றார் அதிகாரி. கோபமில்லாமல், அலுப்பாகத்தான் சொன்னார். "எதய்யா நான் நம்புறது?"

"வண்டிய எறக்கச் சொல்லுங்க சார். நான் மட்டும் ஏறி நிக்கிறேன்."

யாரோ வண்டியை ஓட்டி இறக்கினார்கள். அவ்வளவு பெரிய இரும்புத் தளத்தின் நடுவில் பொன்னழகு ஒற்றையாளாகப் போய் நின்றான், வெயிலில் நிழல்கூடக் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. சிவப்பு எழுத்து நூற்று முப்பது காட்டியது. எலும்பும் தோலுமாக நின்றவனையும் அந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தது ஊர். எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது, பஞ்சவர்ணத்துக்கும்.

அதிகாரியும் கொஞ்ச நேரம் பார்த்தார். விளங்காமல் இல்லை, அவர் முகத்தில் அது தெரிந்தது. கண்ணாடி அறைப்பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தளத்துல வண்டி இல்லைன்னா உன் மெஷின் என்ன காட்டணும்?"

"சைபர் சார்."

"இப்ப வண்டி இருக்கா?"

ஸ்டெல்லா பொன்னழகைப் பார்த்தாள். "இல்ல சார்."

"அப்ப சைபர் போடு."

"சார், ஆளு நிக்கிறாரு..."

"இது வண்டி எடை போடுற எடம்மா. ஆளு எடை போடுற எடம் இல்ல. போடு."

எடைமேடையில் அப்படி ஒரு பொத்தான் உண்டு. மழைத்தண்ணி தேங்கினாலும், காய்ந்த மண் படிந்தாலும், ஜல்லி சிதறிக் கிடந்தாலும், கூட்டிப் பெருக்க நேரமில்லாதபோது அதை அமுக்கினால், தளத்தில் கிடப்பது எதுவாக இருந்தாலும் ஒன்றுமில்லை என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். ஸ்டெல்லா மாதா படத்தைப் பார்க்காமல் அமுக்கினாள். அவளுக்கும் வீடு இருந்தது, படுத்த படுக்கையாக ஓர் அப்பன் இருந்தார். பொன்னழகு நின்றுகொண்டிருந்தான், பலகை சைபர் காட்டியது. அதிகாரி அதை எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார், தூசி கிளம்பியது, நல்லமுத்து பின்னாலேயே மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. கலைகிறவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை, வேலை கிடக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். காத்திருந்த லாரிகள் வரிசையாக வந்து நின்று ஹார்ன் அடித்தன. "எறங்குப்பா, லோடு நிக்குது" என்று ஒருவன் கத்தினான். பொன்னழகு இறங்கப் போனான்.

பஞ்சவர்ணம் மகளைச் சித்தாள் பெண்களிடம் விட்டுவிட்டுத் தளத்தில் ஏறினாள். பலகையில் ஐம்பது என்று அவள் எடை மட்டும் எரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, நேராக வந்து பொன்னழகின் மணிக்கட்டைப் பிடித்தாள். கல் சுமக்கிற கை, இரும்பு மாதிரி இருந்தது. உலகத்தில் அவளுக்கு இவனைவிட வெறுப்பு வேறு ஒருத்தர் மேலும் இல்லை, பிடித்த பிடியில் அது அவனுக்கு வலித்தது.

"எறங்காதீங்கண்ணே" என்றாள். "நீங்க எறங்கினா அவரும் எறங்கிருவாரு."

ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. அவள் விடவில்லை.